எம்.எஸ். நோயும் வாந்தி மாத்திரையும்: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என் அக்காவுக்குப் பல வருஷமாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். அது தெரிந்தவர்கள் தேவகோட்டை, புதுவயல், கானாடுகாத்தான் பக்கமிருந்தெல்லாம் நேரில் வந்தோ போனிலோ கேட்கிற கேள்விகளில் இப்போது முன்னால் நிற்பது ஒன்றுதான்: டாம்பெரிடோன் என்கிற வாந்தி மாத்திரை எம்.எஸ்.ஸை நிறுத்துமாமே, வாங்கிக் கொடுக்கலாமா? ஆய்வு நடந்தது உண்மை. வாட்ஸ்அப்பில் வருகிற செய்தியில் அதன் முடிவு மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அதனால் இதுவரை சொன்ன பதில்களை ஒன்றாக எழுதி வைக்கிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் நரம்பியல் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

எம்.எஸ். என்பது என்ன நோய்?

மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்று ஒரு கொழுப்பு உறை இருக்கிறது, மின்கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிற மாதிரி. உடம்பின் எதிர்ப்பு சக்தியே அந்த உறையைத் தாக்கி உரிப்பதுதான் எம்.எஸ். பெரும்பாலானவர்களுக்கு ஆரம்பத்தில் வந்து வந்து போகும்: கண் மங்கும், ஒரு கால் மரத்துப்போகும், சில வாரங்களில் தேறிவிடும். இவர்களில் ஒரு பகுதியினருக்குப் பல வருஷம் கழித்து அப்படி வந்துபோவது குறைந்து, நடை மட்டும் மெதுவாக, ஆனால் விடாமல் தளர்ந்துகொண்டே போகும். டாக்டர்கள் செகண்டரி புரோகிரஸிவ் என்பார்கள், நான் இரண்டாம் கட்டம் என்று எழுதுகிறேன். டாம்பெரிடோன் ஆய்வு இந்த இரண்டாம் கட்டத்தில் இருப்பவர்களிடம்தான் நடந்தது.

வாந்தி மாத்திரைக்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம்?

கர்ப்பத்திலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும். ஐரோப்பாவில் 12 நாடுகளில் எம்.எஸ். உள்ள 254 பெண்களைக் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து பார்த்து 1998-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. கர்ப்பத்துக்கு முன்னால் ஒரு பெண்ணுக்கு வருஷத்துக்குச் சராசரியாக 0.7 என்று இருந்த நோய்த் தாக்குதல், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் 0.2 ஆகக் குறைந்தது. பிரசவமான முதல் மூன்று மாதத்தில் 1.2 ஆக ஏறியது. கர்ப்பத்தில் ஏதோ ஒன்று நரம்பைக் காக்கிறது என்று தெரிந்தது, அது எது என்பதுதான் கேள்வி.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். 2007-இல் வந்த அந்த ஆய்வில், கர்ப்பமான எலிகளின் மூளையில் மயலின் உறையைச் செய்கிற செல்கள் அதிகமாகப் பெருகுவதும், உறையைச் சேதப்படுத்தினால் மற்ற எலிகளைவிட நன்றாகச் சரியாவதும் தெரிந்தது. அதற்குப் பின்னால் இருந்தது புரோலாக்டின், அதாவது தாய்ப்பால் சுரக்க வைக்கிற ஹார்மோன். கர்ப்பமில்லாத எலிக்குப் புரோலாக்டினை ஊசியாகக் கொடுத்தபோதும் அந்தச் செல்கள் பெருகின.

இப்போது டாம்பெரிடோனுக்கு வருவோம். அது டோபமின் என்கிற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கிற மருந்து. வாந்தியைத் தூண்டுகிற மையமும் பிட்யூட்டரி சுரப்பியும் மூளையின் பாதுகாப்புத் தடுப்புக்கு வெளியே இருப்பதால், மூளைக்குள் அதிகம் போகாத டாம்பெரிடோன் அந்த இரண்டு இடத்திலும் வேலை செய்யும். ஒரு இடத்தில் வாந்தி நிற்கிறது. இன்னொரு இடத்தில் புரோலாக்டினை அடக்கி வைத்திருந்த டோபமினின் பிடி விட்டுப்போக, புரோலாக்டின் ஏறுகிறது. பால் போதவில்லை என்று பிள்ளை பெற்றவர்களுக்குச் சில டாக்டர்கள் இதே மாத்திரையை எழுதிக் கொடுப்பதும் இதனால்தான். ஆக, விலை குறைந்த பழைய மாத்திரை ஒன்று புரோலாக்டினை ஏற்றுகிறது, புரோலாக்டின் எலியில் மயலினைச் சரிசெய்கிறது, மனிதரிடம் பார்த்தால் என்ன? கேட்க வேண்டிய கேள்விதான், அதைக் கால்கரிக்காரர்களே கேட்டார்கள்.

சரி, பார்த்தார்களா? முடிவு என்ன?

பார்த்தார்கள். 2015-லிருந்து 2020 வரை நடந்து, 2021-இல் முடிவு வெளியானது. இரண்டாம் கட்ட எம்.எஸ். உள்ளவர்களுக்கு 10 மில்லிகிராம் டாம்பெரிடோன், தினம் நான்கு வேளை, ஒரு வருஷம். கடைசி வரை கணக்கில் வந்தவர்கள் 62 பேர். மருந்து வேலை செய்யாவிட்டால் அந்த ஒரு வருஷத்தில் நூற்றுக்கு 40 பேருக்கு நடை கணிசமாக மோசமாகும் என்பது எதிர்பார்ப்பு. மோசமாகிறவர்கள் 15 பேருக்கு மேல் போனால் இந்த மருந்தைத் தொடர்ந்து பெரிய ஆய்வுக்குக் கொண்டுபோவதில் பயனில்லை என்று ஆரம்பத்திலேயே கோடு போட்டு வைத்திருந்தார்கள். 22 பேருக்கு மோசமானது. அதாவது நூற்றுக்கு 35. எதிர்பார்த்த 40-க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது, போட்ட கோட்டையும் தாண்டிவிட்டது. நடை தளர்வதை டாம்பெரிடோன் நிறுத்துகிறது என்று அந்த ஆய்வு காட்டவில்லை.

62-இல் 22 போக மீதி 40 பேர் நன்றாகத்தானே இருந்திருக்கிறார்கள்? அது மாத்திரையால் என்று ஏன் சொல்லக் கூடாது?

புதுவயலிலிருந்து வந்த ஒரு அப்பா கேட்டது இது, மகனுக்காக. கேள்வியில் தப்பே இல்லை, நம்பிக்கையோடு பார்க்கிற எவருக்கும் முதலில் அதுதான் தோன்றும்.

இந்த நோயில் ஒரு வருஷத்தில் எல்லோருக்கும் மோசமாவதில்லை. எந்த மருந்தும் கொடுக்காமல் 62 பேரைப் பார்த்திருந்தாலும், அந்த 40 சதவீதக் கணக்குப்படி கிட்டத்தட்ட 37 பேர் அப்படியேதான் இருந்திருப்பார்கள். மாத்திரையோடு 40 பேர். மூன்று பேர் வித்தியாசம் இத்தனை சிறிய கூட்டத்தில் தற்செயலாகவே வரும். அதோடு இந்த ஆய்வில் எல்லோருக்குமே நிஜ மாத்திரைதான், பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கு வெற்று மாத்திரை சாப்பிட்ட கூட்டம் கிடையாது. ஒரு மருந்து பெரிய ஆய்வுக்குத் தகுதியா, இல்லை இங்கேயே விட்டுவிடலாமா என்று கொஞ்சம் பேரை வைத்துச் சீக்கிரம் வடிகட்டுகிற முறை அது. இப்படி வடிகட்டுவதை நான் மதிக்கிறேன். ஆயிரம் பேரை நாலைந்து வருஷம் காக்க வைத்துவிட்டு இல்லை என்று சொல்வதைவிட, 62 பேரில் நேர்மையாகச் சொல்லிவிட்டார்கள்.

நடை மோசமானது என்பதை எப்படி அளந்தார்கள்?

25 அடி தூரத்தை, அதாவது ஏழரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, பத்திரமாக நடக்க முடிகிற அளவு வேகமாக நடக்கச் சொல்லி விநாடியில் அளப்பார்கள். முன்னால் எடுத்துக்கொண்ட நேரத்தைவிட 20 சதவீதம் கூடினால் மோசம் என்று கணக்கு. 10 விநாடியில் நடந்தவருக்கு 12 ஆனால் கோடு தாண்டிவிட்டது.

இதை வீட்டிலும் செய்யலாம், நான் செய்கிறேன். அக்கா இருப்பது பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில். அங்கே தூணோரம் நீளமாகப் போகிற தாழ்வாரத்தில் 25 அடிக்கு இரண்டு பக்கமும் சாக்பீஸில் கோடு போட்டு, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்ப்பேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழவழப்பு, அதனால் சாக்ஸோடு நடக்க விடுவதில்லை, வாரோடு இருக்கிற ரப்பர் செருப்புதான். எப்போதும் காலையிலேயே பார்க்க வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில். உடம்புச் சூடு ஏறினால் எம்.எஸ். உள்ளவர்களுக்கு நடையும் பார்வையும் தற்காலிகமாகக் குறையும். கத்திரி வெயிலில் மத்தியானம் மூன்று மணிக்கு அளந்துவிட்டு நோய் முற்றிவிட்டது என்று பதறினால் அது வெயில் செய்த வேலையாக இருக்கும். ஒருநாள் எண்ணுக்கு அர்த்தமில்லை, மாதக்கணக்கில் எழுதி வைத்த எண்கள்தான் டாக்டருக்கு உதவும். விழுகிற அபாயம் இருப்பவர்களிடம் துணைக்கு ஆள் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

புரோலாக்டின் ஏறினவர்களுக்கு நல்லது நடந்ததாகப் போட்டிருக்கிறதே?

ஆமாம், அதே ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. ஆய்வின்போது யாருக்குப் புரோலாக்டின் அளவு அதிகமாக இருந்ததோ அவர்களுக்கு நடை மோசமாகிற அபாயம் குறைவாக இருந்தது. இது எனக்கும் மனதைத் தொடுகிற விஷயம்தான், ஏனென்றால் எலியில் பார்த்ததோடு ஒத்துப்போகிறது.

ஆனால் அதை எடுத்துக்கொண்டு போய் மாத்திரை வாங்க முடியாது. ஒரே அளவு டாம்பெரிடோன் சாப்பிட்டாலும் பெண்களுக்குப் பொதுவாகப் புரோலாக்டின் அதிகம் ஏறும், ஆளுக்கு ஆளும் மாறும். ஒருவருக்குப் புரோலாக்டின் ஏறியதால் நடை தளர்வது நின்றதா, இல்லை நடை தளராமல் இருக்கிற உடம்புவாகு உள்ளவர்களுக்குத்தான் புரோலாக்டின் ஏறுகிறதா என்று இந்த ஆய்வை வைத்துப் பிரிக்க முடியாது. அதற்குத் தனியாக ஒரு ஆய்வு வேண்டும். இன்னொன்றும் உண்டு: புரோலாக்டின் எதிர்ப்பு சக்தியை உசுப்பிவிடுமோ என்ற கவலையில், 1990-களில் இதற்கு நேர் எதிராக, புரோலாக்டினைக் குறைக்கிற புரோமோகிரிப்டினை எம்.எஸ். உள்ளவர்களுக்குக் கொடுத்துச் சிறிய அளவில் பார்த்தார்கள், அதிலும் பலனில்லை. இந்த ஹார்மோன் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது இன்னும் தீராத வழக்கு.

நான் வயிற்றுக்குப் பான்-டி தினம் சாப்பிடுகிறேன். அதிலேயே டாம்பெரிடோன் இருக்கிறதே, அப்படியே தொடரலாமா அண்ணே?

இந்தக் கேள்வி வரும்போது சீட்டை வாங்கிப் பார்ப்பேன், பல நேரம் சீட்டு ஒரு வருஷத்துக்கு முந்தையதாக இருக்கும். வாரக்கணக்கில் குடிக்க வேண்டியது மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

பான்-டி கேப்சூலில் 40 மில்லிகிராம் பான்டோபிரசோலும் 30 மில்லிகிராம் டாம்பெரிடோனும் இருக்கிறது. ஐரோப்பிய மருந்து ஆணையம் 2014-இல் டாம்பெரிடோனைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், பெரியவர்களுக்கு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் நீட்டாமல் கொடுக்கச் சொன்னது. அமெரிக்காவில் அதை விற்க அனுமதியே கிடையாது. காரணம் இதயம். ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி என்று ஒரு அளவு உண்டு, அது நீண்டுபோனால் இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகலாம், அரிதாக உயிருக்கே ஆபத்து. 60 வயது தாண்டியவர்கள், நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர்கள், ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு அபாயம் கூடுதல்.

அடுத்தது, கூடச் சாப்பிடுகிற மருந்துகள். சளிக்கு எழுதுகிற கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், படைக்கு எழுதுகிற ஃப்ளூகோனசோல், கீட்டோகோனசோல் இவையெல்லாம் டாம்பெரிடோன் உடம்பை விட்டுப் போவதைத் தடுத்து அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். எம்.எஸ்.ஸுக்கே கொடுக்கிற ஃபிங்கோலிமோட் ஆரம்பிக்கும்போது இதயத் துடிப்பைக் குறைக்கும். மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் சாப்பிடுகிறவர்கள் எம்.எஸ். வீடுகளில் நிறைய, அதுவும் க்யூ.டி.யை நீட்டும். பான்டோபிரசோலை வருஷக்கணக்கில் எடுத்தால் சிலருக்கு ரத்தத்தில் மெக்னீசியம் குறையும், அதுவும் இதே இதயப் பிரச்சினைக்கு வழி. ஒவ்வொன்றும் தனியாகச் சின்னது, ஒரே ஆளின் மாத்திரை டப்பாவில் மூன்றோ நாலோ சேரும்போதுதான் எனக்குப் பயம். வயிற்று டாக்டர் ஒருவர், நரம்பு டாக்டர் மதுரையில், மனநல டாக்டர் திருச்சியில் என்று மூன்று சீட்டு இருக்கிற வீட்டில் மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். எந்தக் கடையில் வாங்கினாலும் மூன்றையும் ஒன்றாக வைத்துக் காட்டுங்கள்.

மாதவிடாய் தள்ளிப்போவது, பிள்ளை பெறாதவர்களுக்கும் மார்பில் பால் கசிவது, ஆண்களுக்கு மார்பு வீங்குவது, இதெல்லாம் நடந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். எல்லாம் புரோலாக்டின் ஏறியதால் வருவது, மருந்தை நிறுத்தினால் பொதுவாகச் சரியாகும்.

வேறு வாந்தி மருந்துகளையும் எம்.எஸ்.ஸில் சோதித்திருக்கிறார்களா?

இரண்டு தெரியும். ஒன்று ஒன்டான்செட்ரான், கடையில் எமெசெட் என்று கேட்பீர்களே, அது. எம்.எஸ். சிறுமூளையைப் பாதித்தால் கை நடுங்கும், தம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது நடுக்கம் கூடித் தண்ணீர் தளும்பிவிடும், அதற்கு நல்ல மருந்து இன்றுவரை கிடையாது. 1997-இல் கனடாவில் 20 பேருக்கு ஊசியாக ஒரே ஒரு டோஸ் கொடுத்தபோது பலருக்கு நடுக்கம் குறைந்தது. பெரிய எதிர்பார்ப்பு கிளம்பியது. ஆனால் பின்னால் எம்.எஸ். நோயாளிகளிடம் செய்து பார்த்த சிறு ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை.

இன்னொன்று டிரோனாபினால், கஞ்சாச் செடியில் உள்ள வேதிப்பொருளைச் செயற்கையாகச் செய்தது. அமெரிக்காவில் 1985-இல் கீமோதெரபி வாந்திக்கு அனுமதி பெற்றது. பிரிட்டனில் முற்றுகிற வகை எம்.எஸ். உள்ள கிட்டத்தட்ட 500 பேருக்கு மூன்று வருஷம் கொடுத்துப் பார்த்து 2013-இல் முடிவு சொன்னார்கள்: நோய் முற்றுவதை அது மெதுவாக்கவில்லை.

எம்.எஸ். உள்ளவருக்கு ஏன் அடிக்கடி குமட்டுகிறது? எந்த மாத்திரை நல்லது?

காரணம் தெரியாமல் மாத்திரை சொல்ல முடியாது. மூளைத்தண்டில் புதுத் தழும்பு வந்தால் தலைசுற்றலோடு குமட்டும். எம்.எஸ்.ஸுக்கே தருகிற டைமெத்தில் ஃபியூமரேட் மாத்திரை ஆரம்பித்த முதல் மாதத்தில் வயிற்றைப் புரட்டுவது ரொம்ப சகஜம், அதை வெறும் வயிற்றில் போடாமல் இரண்டு இட்லியோடு ஒரு முட்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் பலருக்குக் குறைகிறது. சைவ வீட்டில் நெய்த் தோசை. சிறுநீரில் கிருமி இருந்தாலும், நாலு நாள் மலம் போகாவிட்டாலும் குமட்டும்.

மருந்துகளில் கவனம் தேவைப்படுகிறவை இவை. மெட்டோகுளோபிரமைடு (பெரினார்ம்), தலைசுற்றலுக்குத் தருகிற ஸ்டெமெடில் இரண்டும் மூளைக்குள் போய் டோபமினைத் தடுக்கும். அதனால் உடம்பு விறைக்கலாம், கை நடுங்கலாம், கழுத்து இழுக்கலாம். எம்.எஸ்.ஸில் ஏற்கெனவே விறைப்பு இருப்பவரிடம் இது வந்தால் நோய் முற்றிவிட்டதாக வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். நீண்ட நாள் ஓடினால் சினாரிசினும் அப்படித்தான், ஸ்டுஜெரான் என்று வாங்குவது. எமெசெட்டில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் மலச்சிக்கலைக் கூட்டும், க்யூ.டி.யையும் நீட்டும்.

சுக்குக் கஷாயம்?

மிதமான குமட்டலுக்குத் தாராளமாகக் குடிக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மட்டும் தினம் அதிகமாக எடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

விக்கலும் வாந்தியும் பத்து நாளாக நிற்கவில்லை, எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமில்லை என்கிறார்கள். என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். நிற்காத விக்கல், நிற்காத வாந்தி, வயிற்றில் கோளாறு இல்லை என்றால் அது மூளைத்தண்டில் உள்ள வாந்தி மையத்தையே தாக்கிய நோயாக இருக்கலாம். நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா, சுருக்கமாக என்.எம்.ஓ., எம்.எஸ். மாதிரியே கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும், பல காலம் எம்.எஸ். என்றே நினைத்து வைத்தியம் நடந்தது. 2004-இல்தான் இதற்கென்று ரத்தத்தில் தனி ஆன்டிபாடி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அது ஒட்டுகிற இடம் அக்வாபோரின்-4 என்கிற புரதம் என்பது பின்னால் தெரிந்தது. 2015-இல் வந்த சர்வதேச வரையறையில் நிற்காத விக்கலும் வாந்தியும் இந்த நோயின் முக்கிய அடையாளங்களில் ஒன்று.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எம்.எஸ்.ஸுக்குத் தருகிற இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் போன்றவை என்.எம்.ஓ.வை மோசமாக்கலாம். ஒரு தாக்குதலிலேயே கண் போகலாம், கால் போகலாம். வாந்தி மாத்திரையை மாற்றி மாற்றிப் போட்டு நாளைக் கடத்தாமல் நரம்பியல் மருத்துவரிடம் போய், “அக்வாபோரின் டெஸ்ட் எடுக்க வேண்டுமா டாக்டர்?” என்று நேராகக் கேளுங்கள்.

பழைய மருந்துதானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இருக்காதே?

இருக்கலாம். அலர்ஜிக்குத் தருகிற கிளெமாஸ்டின் பழைய மருந்து. 2017-இல் வந்த ஆய்வில் எம்.எஸ். உள்ள 50 பேரிடம் கண் நரம்பில் சமிக்ஞை கொஞ்சம் வேகமாகப் போவதைக் காட்டியது, மயலின் சரியாவதற்கான அறிகுறி என்று உலகமே சந்தோஷப்பட்டது. பின்னால் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் முற்றுகிற கட்டத்தில் இருந்த 9 பேருக்குக் கொடுத்தபோது 3 பேருக்கு நோய் வேகமாக மோசமாக, அந்தப் பிரிவையே நிறுத்தினார்கள். கொழுப்புக்குத் தருகிற சிம்வாஸ்டாட்டினும் சின்ன ஆய்வில் நம்பிக்கை தந்தது, பிரிட்டனில் 964 பேரிடம் பார்த்தபோது பலனில்லை என்று 2024-இல் தெரிந்தது.

அப்படியானால் இனி நல்ல ஆய்வு நடந்தால் நம்மாட்கள் சேர முடியுமா?

முடியும். இந்தியாவில் நடக்கிற மருத்துவ ஆய்வுகள் எல்லாம் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும், 2009 ஜூனிலிருந்து அது கட்டாயம். இணையத்தில் இலவசமாகத் தேடலாம், நோயின் பெயரைப் போட்டால் எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, யாரைச் சேர்க்கிறார்கள் என்று வரும். சேர்வதற்கு உங்களிடம் ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்டால் நின்று யோசியுங்கள். சம்மதப் பத்திரம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், கையெழுத்துப் போட்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான வைத்தியம் நிற்கக் கூடாது. வெற்று மாத்திரை கிடைக்க எத்தனை வாய்ப்பு, ஈ.சி.ஜி. எத்தனை தடவை எடுப்பார்கள், மதுரைக்கோ சென்னைக்கோ போய்வரும் செலவை யார் தருவார்கள், இந்த மூன்றையும் கையெழுத்துக்கு முன்னால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பத்திரத்தைப் படிக்க உதவி வேண்டுமென்றால் கடைக்கு எடுத்து வாருங்கள், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது, உட்கார்ந்து சேர்ந்தே படிக்கலாம்.